ஔஷதம் நான்கில் ஒன்று

 

வினைப்பகை வென்று, அறவாழி உருட்டி, எவ்வுயிர்க்கும் இன்னல் நேராத நெறியை உலகிற்கு உணர்த்திய அருகப் பெருமானின் திருவடிகளை மன மொழி மெய்களால் வணங்கி, இல்லறத்தார்க்கு உரிய தான அறத்தைக் குறித்து ஈண்டுச் சிறிது சிந்திப்போம்.

ஆசாரிய சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இல்லறத்தாரின் சிக்ஷாவிரதங்களுள் ஒன்றாக வையாவிருத்தியத்தை வைத்தார். தொண்டு என்பதே அதன் பொருள். அதன்கீழ்த் தானத்தை நான்காக வகுத்தார். அவை ஆகாரம், ஔஷதம், உபகரணம், ஆவாசம் என்பன. உணவு, மருந்து, வாழ்வுக்கு வேண்டும் கருவி, உறைவிடம் என்று தமிழில் கொள்ளலாம். பின்னை வழக்கில் கருவியும் உறைவிடமும் நின்ற இடங்களில் சாஸ்திர தானமும் அபய தானமும் எண்ணப்படுவதும் உண்டு. எவ்வாறு எண்ணினும் ஒன்று மாறுவதில்லை. ஔஷதம் நான்கில் ஒன்று.

நம் சமுதாயத்தார் ஔஷத தானத்தில் எவர்க்கும் பின்தங்கியவர் அல்லர். மகாவீரர் ஜயந்தியன்று இலவச மருத்துவ முகாம் நடத்துவோரும், கண் சிகிச்சைக்குப் பொருள் தருவோரும், ஏழை நோயாளியின் மருந்துச் செலவை ஏற்போரும் நம்மிடையே பலர். இது போற்றுதற்குரியது. ஆயினும் ஒரு வினா எழுகின்றது. ஆண்டுதோறும் அதே ஊரில் முகாம் நடத்துகின்றோம். ஆண்டுதோறும் அதே நோயுடன் மக்கள் வரிசையில் நிற்கின்றனர். மருந்து கொடுத்து அனுப்பிய மனிதர் எந்த நீரைப் பருகி நோயுற்றாரோ அந்த நீருக்கே திரும்பிச் செல்கின்றார். அவ்வாறாயின், ஏனைய மூன்று தானங்களை நாம் எங்கே வைத்தோம்?

வினையும் நிமித்தமும்

இவ்விடத்தில் நம்முள் சிலர் ஒரு தடை கூறுவர். "நோய் அசாதாவேதனீய வினையின் பயன் அன்றோ? அவரவர் செய்த வினையை அவரவர் நுகர்கின்றனர். ஊரின் சாக்கடையைத் திருத்தினால் ஒருவர் வினை மாறுமோ?" என்பது அத்தடை.

தடை கூறுவோர் வினைக் கோட்பாட்டின் பாதியை மட்டும் கூறுகின்றனர். வினை வெறுவெளியில் நின்று பயன் தருவதில்லை. திரவியம், க்ஷேத்திரம், காலம், பாவம் என்னும் நான்கன் சார்பு பெற்றே அது உதயமாகும் என்பது நம் ஆகமம் காட்டும் நெறி. பொருளும் இடமும் காலமும் மனநிலையும் கூடும்போது விதை முளைக்கும்; கூடாதபோது முளைக்காது கிடக்கும். விதை ஒருவனுடையதாக இருக்கலாம். அது விழுந்த நிலம் ஊருடையது. ஒரே தெருவில் ஒரே மாதத்தில் நூறு பேர்க்குக் காய்ச்சல் காண்கிறதென்றால், நூறு விதையும் ஒருங்கே முளைக்கும்படி அங்கே மண்ணைப் பதப்படுத்தி வைத்தவர் யார் என்று கேட்பதே முறை.

பொதுச் சுகாதாரம் என்று இக்காலத்தார் கூறும் கலை முழுவதும் இவ்வொரு வினாவில் அடங்கும். மருத்துவர் தம் முன் அமர்ந்த ஒருவரை நோக்கி, "இவர் ஏன் நோயுற்றார்?" என்று கேட்கின்றார். பொதுச் சுகாதாரம் கற்றவரோ, "இவ்வூரில் ஏன் இத்தனை பேர் நோயுற்றனர்? அடுத்த ஊரில் ஏன் இல்லை?" என்று கேட்கின்றார். முதல் வினாவிற்கு விடை பெரும்பாலும் மருந்து. இரண்டாம் வினாவிற்கு விடை நீர், உணவு, வீடு, தொழில், கல்வி என விரியும்.

தத்துவார்த்த சூத்திரத்தில் உமாஸ்வாதி ஆசாரியர் கூறுவதையும் மறத்தலாகாது. தனக்கோ பிறர்க்கோ துன்பமும் துயரமும் விளைப்பவன் அசாதாவேதனீயத்தை ஈட்டுகின்றான்; உயிர்கள்பால் இரக்கமும் தானமும் பொறுமையும் உடையவன் சாதாவேதனீயத்தை ஈட்டுகின்றான். ஆகவே அயலான் நோயை, "அது அவன் வினை" என்று விட்டுவிடுபவன் தன் வினைக் கணக்கை மறந்தவன். அவன் நோய்க்கு நம் கழிவுநீர் நிமித்தமாயின், அங்கே பிணிபடுவது நம் உயிரும் ஆகும்.

கடனாநதிக் கரையில்

இதனை ஓர் ஊரை வைத்து விளங்கிக்கொள்வோம். தமிழ்ச் சமணக் குடும்பங்கள் இன்று பெரும்பாலும் பழைய வடஆர்க்காடு, தென்னார்க்காடு பகுதிகளில் வாழ்கின்றன. எனினும் தாமிரபரணி நாடு நமக்கு அயல்நாடு அன்று. திருநெல்வேலியை அடுத்த மறுகால்தலையில் தமிழ்ப் பிராமி எழுத்துடன் கூடிய கற்படுக்கை இன்றும் உள்ளது. துறவோர் தங்குவதற்கென ஒருவர் செய்தளித்த ஆவாச தானத்தின் சான்று அது. கழுகுமலைப் பாறையில் எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுத் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசை வரிசையாக வீற்றிருக்கின்றன. அந்நாட்டு மக்களின் நலம் நம் முன்னோர்க்கு அக்கறையாக இருந்தது போலவே நமக்கும் இருத்தல் தகும்.

அந்நாட்டில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், கடையத்திற்கும் அம்பாசமுத்திரத்திற்கும் இடையே அமைந்தது ஆழ்வார்குறிச்சி. முன்பு திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2019-ஆம் ஆண்டு முதல் தென்காசி மாவட்டத்தில் உள்ளது. அருகில் சிவசைலம். மலையினின்று இறங்கும் கடனாநதி இப்பகுதியின் வயல்களுக்கு உயிர் தந்து, திருப்புடைமருதூர் அருகே தாமிரபரணியில் கலக்கின்றது. பொதிகையில் பிறந்து, சேரன்மாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் கடந்து, புன்னைக்காயல் அருகே கடலில் சேரும் தாமிரபரணி, தொடக்கமும் முடிவும் தமிழ் மண்ணிலேயே அமைந்த ஆறு. ஏறத்தாழ 128 கிலோமீட்டர் நீளம் உடையது. இருபுறத்து ஊர்களுக்கும் குடிநீர் இதுவே.

ஓர் ஆறு கற்பிக்கும் முதற்பாடம் யாதெனின், மேலூரார் செய்தது கீழூரார் குவளையில் வந்து சேரும் என்பது. ஆழ்வார்குறிச்சியில் ஒருவர் ஆற்றில் விட்ட கழிவு, அவர் ஒருநாளும் முகம் காணாத ஒரு குழந்தையை எங்கோ கீழே வாட்டலாம். ஹிம்சை செய்தவனும் ஹிம்சையுற்றவனும் ஒருவரை ஒருவர் அறியார். அறியாமையால் ஹிம்சை இல்லையென்று ஆகிவிடாது. பிரமாதம் என்னும் கவனக்குறைவே ஹிம்சையின் வேர் என்பது நம் ஆசாரியர்களின் துணிபு.

இந்நாட்டில் இவ்வினா புதிதும் அன்று. 1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலிச் சீமைகளில் கொள்ளைக் காய்ச்சல் பரவிப் பெருந்திரளான மக்களை வாரிச் சென்றது. அதன் காரணத்தை ஆராய அன்றைய கும்பினி அரசு மருத்துவர் குழுவொன்றை அமர்த்தியது. எயின்ஸ்லி, ஸ்மித், கிறிஸ்டி என்போர் எழுதிய அறிக்கை 1816-இல் அச்சாயிற்று. கொசுவால் பரவும் காய்ச்சல்களின் மருமம் அந்நாளில் எவரும் அறியாதது. மலேரியாக் கிருமியை லாவரான் கண்டது 1880-இல். கொசுவின் உடலில் அதனை ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டது 1897-இல். ஆயினும் அக்குழுவினர், நோயாளியின் நாடியோடு நில்லாது, பருவம் தவறிய மழையையும் நிலத்தின் தன்மையையும் நோக்கினர். நம் ஆகமச் சொல்லில் கூறின், க்ஷேத்திரத்தையும் காலத்தையும் நோக்கினர்.

உபகரண தானம்: வடிகட்டும் துணி

இனி உபகரணத்தைக் காண்போம். நம் வீட்டு அடுக்களையில் உள்ள மிகப் பழைய உபகரணம் நீர் வடிகட்டும் துணி. வடிகட்டாத நீரைப் பருகலாகாது; வடித்த நீரும் இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம் மட்டுமே கொள்ளத்தக்கது; துணியில் தங்கிய நுண்ணுயிர்களை நீர் எடுத்த இடத்திலேயே பதமாகச் சேர்ப்பிக்க வேண்டும்; இவை நம் பாட்டியர் வழுவாது காத்த ஒழுக்கம். பிறர் இதனைக் கண்டு நகைத்ததும் உண்டு.

அத்துணியின் பெருமையை உலகம் உணர்ந்த வரலாறு ஒன்று உண்டு. நரம்புச் சிலந்தி என்னும் கொடிய நோய் இந்தியாவில் தமிழகம் உள்ளிட்ட ஏழு மாநிலங்களில் இருந்தது. ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம் வரை வளரக்கூடிய புழு, மனிதனின் காலைத் துளைத்துக்கொண்டு வெளிவரும். எரிச்சல் தாளாமல் அவன் படிக்கிணற்றில் இறங்கிக் காலை நனைப்பான். அப்போது புழு தன் குஞ்சுகளை நீரில் விடும். சைக்ளாப்ஸ் என்னும் சிறிய நீருயிர் அவற்றை உட்கொள்ளும். அந்நீரை வடிகட்டாது பருகுவோரின் உடலில் ஓராண்டு கழித்துப் புழு புறப்படும். இந்நோய்க்குத் தடுப்பூசி இல்லை. தீர்க்கும் மருந்தும் இல்லை. ஔஷதம் கைவிரித்த இடம் அது.

1984-இல் இந்தியாவில் ஏறத்தாழ 40,000 பேர் இதனால் அவதியுற்றனர். மருந்தில்லா நோயை ஒழித்தது எது? மெல்லிய துணியால் நீரை வடித்தல். மக்கள் இறங்கும் படிக்கிணறுகளை மூடி, இறைகிணறும் அடிகுழாயும் அமைத்தல். புழு புறப்பட்டவரை நீரில் இறங்கவிடாது அன்புடன் காத்தல். இவற்றுடன் நீர்நிலைகளில் மருந்திடுதல். 1996 ஜூலையில் இராஜஸ்தானில் கண்ட நோயாளியே இந்தியாவில் இறுதி. 2000-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இந்தியா இந்நோயினின்று விடுபட்டது எனச் சான்றளித்தது. 1986-இல் உலகில் ஏறத்தாழ 35 இலட்சம் மக்களுக்கு இருந்ததாகக் கணிக்கப்பட்ட நோய், 2024-இல் இருபதுக்கும் குறைவானவர்களிடமே காணப்பட்டது. இவ்வெற்றியில் முன்னின்றது ஒரு முழத் துணி.

இன்னும் ஒன்று. வங்காளதேசத்தின் மதலப் பகுதியில் 65 கிராமங்களில் ரீட்டா கோல்வெல் என்னும் அறிவியலறிஞரும் அவர்தம் குழுவினரும் ஓர் ஆய்வு நடத்தினர். பழைய பருத்திச் சேலையை நான்காகவோ அதற்கு மேலாகவோ மடித்து, குளத்து நீரை வடிக்கும்படி பெண்களைக் கேட்டுக்கொண்டனர். காலராக் கிருமி நீரில் வாழும் சிற்றுயிர்களைப் பற்றிக்கொண்டிருப்பதால், அச்சிற்றுயிர்களைத் தடுக்கும் துணி கிருமியின் பெரும்பகுதியையும் தடுத்தது. காலரா 100-க்கு 48 பங்கு குறைந்தது என்று 2003-இல் அறிவித்தனர். சில ஆண்டுகள் கழித்து மீண்டும் சென்று பார்த்தபோது, வடிகட்டும் வீடுகள் மிகுந்த சுற்றுப்புறத்தில், வடிகட்டாத வீடுகளிலும் நோய் குறைந்திருக்கக் கண்டனர். ஒரு வீட்டின் ஒழுக்கம் அடுத்த வீட்டிற்கும் அரணாயிற்று!

இதனைக் கேட்டு, "நம் துணி போதும்" என்று இறுமாந்துவிடலாகாது. நீரில் தனித்துத் திரியும் கிருமிகளையும் மஞ்சள்காமாலை போன்றவற்றை விளைக்கும் வைரசுகளையும் துணி தடுக்காது. அவற்றுக்குக் கொதிக்கவைத்தலே காப்பு. விரதியர் காய்ச்சிய நீரையே பருகுவது இவ்வகையில் மேலான ஒழுக்கம். உயிர்க்காவல் கருதி எழுந்த ஒழுக்கம் உடற்காவலும் ஆயிற்று என்பதே நாம் கொள்ளவேண்டிய பொருள்.

மூடியும் குழாயும்

அடுத்து வருவது சற்றுக் கடினமான வினா. 2012-ஆம் ஆண்டு தமிழகத்தில் டெங்குக் காய்ச்சல் 12,826 பேரைப் பற்றியது. 66 பேர் மாண்டனர் என்பது அரசுக் கணக்கு. அவ்வாண்டு பெரிதும் அல்லலுற்றது அன்றைய திருநெல்வேலி மாவட்டம். ஆழ்வார்குறிச்சியை ஒத்த மலையடிவார ஊராகிய கடையநல்லூரின் பெயர் நாளிதழ்களில் அடிக்கடி வந்தது.

டெங்குவைப் பரப்பும் கொசு சாக்கடையில் பிறப்பதன்று. வீட்டில் சேமித்த தெளிந்த நீரிலேயே அது முட்டையிடும், பகலில் கடிக்கும். முட்டை கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். நாலறிவுயிராகிய கொசுவைக் கொல்வது தகுமா என்று நம்மவர் தயங்குவர். அத்தயக்கம் இகழத்தக்கதன்று. ஆனால் அத்தயக்கம் உண்மையானதாயின், அது காய்ச்சல் வந்தபின் தோன்றாது, தொட்டியைத் திறந்து வைத்த அன்றே தோன்றியிருக்க வேண்டும். நீரைத் தேங்கவிட்டு, உயிர் தோன்றவிட்டு, பின்னர் புகையடித்து மாய்ப்பது இரட்டை ஹிம்சை. கொசுவுக்கும் ஹிம்சை, காய்ச்சலுற்ற குழந்தைக்கும் ஹிம்சை. தேங்கவிடாது, கொசு புகாது மூடிவைத்து, பிறப்பிற்கே இடம் தராமையே நம் அறத்திற்கு இசைந்த வழி. சம்மூர்ச்சன உயிர்கள் தோன்றத்தக்க இடங்களை உண்டாக்காதே என்று நம் ஒழுக்க நூல்கள் வற்புறுத்துவதும் இதுவே.

இன்னும் ஒருபடி மேலே செல்வோம். காய்ச்சல் ஏன்? கொசு கடித்ததால். கொசு ஏன்? தொட்டி திறந்திருந்ததால். வீடுதோறும் தொட்டியும் குடமும் பீப்பாயும் ஏன்? குழாயில் நாள்தோறும் நீர் வாராததால். வாரம் ஒருமுறையோ இருமுறையோ நீர் வரும் தெருவில், சேமிக்காத பெண் தன் பிள்ளைகளைத் தாகத்தில் விடுவாள். சேமித்த பெண் கொசுவுக்கு இடம் தருவாள். அவளைக் குறைகூறி என்ன பயன்? அவளுக்கு ஒரு மூடி தருவது உபகரண தானம். அத்தெருவுக்கு நாள்தோறும் நீர் வரச் செய்வது அதனினும் பெரிய உபகரண தானம். முன்னையது ஒருவர் கொடையால் ஆகும். பின்னையது பேரூராட்சியில் நாம் எழுப்பும் குரலாலும் ஆகும். நன்மைக்காக எழுப்பும் குரலும் தானமே.

ஆகார தானம்

காசநோயை எடுத்துக்கொள்வோம். அதன் கிருமியை ராபர்ட் கோக் கண்டறிந்தது 1882-இல். அதனைக் கொல்லும் ஸ்டிரெப்டோமைசின் இங்கிலாந்தில் பயன்பாட்டிற்கு வந்தது 1947-இல். ஆனால் அந்நாட்டில் காசநோய்ச் சாவு, மருந்து வருவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே படிப்படியாகக் குறைந்து வந்தது. உணவு மேம்பட்டதே பெருங்காரணம் என்றார் தாமஸ் மெக்கியூன் என்னும் பேராசிரியர். வீடும் துப்புரவும் காரணம் என்றனர் பிறர். காரணத்தில் வழக்கு உண்டு. மருந்துக்கு முன்னரே நோய் தணிந்தது என்பதில் வழக்கில்லை.

நம் நாட்டிலேயே இதற்கு உறுதியான சான்று கிடைத்துள்ளது. 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்ட் மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் நடந்த ஆய்வு அது. சென்னையிலுள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் அதில் பங்கு கொண்டனர். காசநோயாளர் 2,800 பேருக்கும் மருந்தும் உணவும் கொடுத்தனர். அவர்தம் குடும்பத்தினர் 10,345 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு மட்டும் மாதந்தோறும் அரிசியும் பருப்பும் நுண்சத்து மாத்திரையும் அளித்தனர். அவ்வுணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் காண்பது 100-க்கு 39 பங்கு குறைந்தது. 2023-இல் இம்முடிவு வெளியாயிற்று. அரிசியும் பருப்பும்! ஊன் கலவாத எளிய ஆகார தானமே ஔஷதத்தின் பணியைச் செய்தது.

நோன்பு இருக்கும் நமக்குப் பசியின் பொருள் தெரியும். ஆனால் நோன்பு நாமே விரும்பி ஏற்பது; பட்டினி பிறர்மேல் சுமத்தப்படுவது. முன்னது வினையை உதிர்க்கும். பின்னது நோயை விதைக்கும். 1956-இல் காமராசர் ஆட்சியில் தொடங்கிய பள்ளி மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும், 2022-இல் தொடங்கிய காலை உணவும் அரசு செய்த ஆகார தானங்கள். அவை தம் ஊர்ப் பள்ளியில் செவ்வனே நடைபெறுகின்றனவா என்று சென்று பார்ப்பது நம் கடன்.

ஆவாச தானம்

ஆவாசம் என்பது நான்கு சுவரும் கூரையும் மட்டும் அன்று. காற்றும் ஒளியும் உள்ள அறை, கழிப்பறை, தூய சுற்றுப்புறம், அஞ்சாது தொழில் செய்யும் இடம் எல்லாம் ஆவாசமே.

துறவோர்க்குரிய ஐந்து சமிதிகளுள் உத்ஸர்க்க சமிதி ஒன்று. உயிர்களுக்கு ஊறு நேராத இடம் பார்த்து உடற்கழிவை நீக்குதல் என்பது அதன் பொருள். மலத்தை எங்கே இடுவது என்பதையும் விரதமாக வகுத்த நுண்மையை எண்ணிப் பாருங்கள். கொக்கிப்புழு மலத்தினின்று மண்ணுக்கும், மண்ணினின்று வெறுங்காலுக்கும் ஏறி, குருதியை உறிஞ்சிச் சோகையை உண்டாக்கும். குடற்காய்ச்சலும் பேதியும் மலம் கலந்த நீரால் வருவன. ஆற்றங்கரை ஊர்களில் உத்ஸர்க்க சமிதியின் இல்லறப் பொருள், வீட்டுக்கொரு கழிப்பறையும், அதன் கழிவு ஆற்றில் கலவாமையுமே.

பாவநாசத்தில் தாமிரபரணியில் நீராடுவோர் பலர் தாம் உடுத்த ஆடைகளை ஆற்றிலேயே விட்டுச் செல்கின்றனர். பிறர் நம்பிக்கையை நாம் பழித்தல் தகாது. எனினும், உயிருள்ள நீரில் துணியையும் நெகிழியையும் எறிவதை நம் நூல்கள் பிரமாதசரிதை என்னும். பயனின்றிச் செய்யும் தீங்காகிய அனர்த்ததண்டத்துள் அது அடங்கும். நம்மவர் யாத்திரை செல்லும் இடங்களிலேனும் நாம் இத்தீங்கிற்கு உடன்படாதிருத்தல் வேண்டும்.

ஆழ்வார்குறிச்சி, கடையம், முக்கூடல் வட்டாரங்களில் பல வீடுகளின் திண்ணையில் பெண்கள் பீடி சுற்றுவதைக் காணலாம். புகையிலைத் தூள் படியும் அதே வீட்டில்தான் உலை கொதிக்கின்றது, குழந்தையும் உறங்குகின்றது. இருமலுக்கு மருந்து தரலாம். ஆனால் அப்பெண் மறுநாளும் முறத்தை மடியில் வைத்தே ஆகவேண்டும். அந்நிலம் அவளுக்குத் தந்த தொழில் அது. அவளுக்கு வேறொரு தொழில் கற்பித்தலும், அவள் மகளைப் படிக்கவைத்தலும் ஆவாச தானத்தின் விரிவே. அதே வட்டாரத்தில் ஸ்ரீ பரமகல்யாணி கல்லூரியும், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் மையமும் இருப்பது அங்குள்ள இளையோர்க்குப் பேறு.

அறிவும் சட்டமும்

ஞான தானத்தின் பயனையும் ஒரு கணக்கால் காண்போம். 1971-இல் தமிழகத்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 113 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன. 2020-இல் அத்தொகை 13. அவ்வாண்டு இந்தியா முழுமைக்கும் 28. எந்த ஒரு மருந்தாலும் இது நேரவில்லை. பெண்கள் பள்ளி சென்றனர், கிராமச் செவிலியர் வீடு தேடி வந்தனர், தடுப்பூசி போடப்பட்டது, மகப்பேறு மருத்துவமனையில் நிகழ்ந்தது, குடும்பம் சிறிதாயிற்று, பாதையும் உணவும் மேம்பட்டன. பல கைகள் தூக்கிய தேர் அது.

அத்தேருக்கு அச்சாணி ஒன்றும் உண்டு. 1939-இல் இயற்றப்பட்ட சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் இந்தியாவிலேயே முன்னோடியானது. அதன் இயல்களைப் புரட்டினால் குடிநீர், சாக்கடை, கழிப்பறை, தொல்லை நீக்கம், தொற்றுநோய்த் தடுப்பு, தாய்சேய் நலம், கொசுக் கட்டுப்பாடு, கட்டடம், உணவு, திருவிழாக்கள் எனத் தொடர்ந்து செல்லும். மருந்தின் பெயர் அரிதாகவும் மருந்துக்கு முந்தியவற்றின் பெயர் பெரிதாகவும் அமைந்த சட்டம் அது. சமந்தபத்திரர் வகுத்த நான்கனுள் ஏனைய மூன்றும் அங்கே சட்ட வடிவில் நிற்கின்றன.

அன்பர்களே! தானங்களைப் பாத்திர தானம், கருணா தானம் என்று பகுப்பர். துறவோர்க்கு அளிப்பது முன்னது. துன்புறும் எவ்வுயிர்க்கும் அளிப்பது பின்னது. கருணா தானத்திற்குச் சாதியில்லை, சமயமில்லை, ஊரெல்லையில்லை. ஆதலின் நம் ஜினாலயச் சங்கங்கள் அடுத்த முறை மருத்துவ முகாம் நடத்தத் திட்டமிடும்போது, முகாமுக்கு ஒரு மாதம் முன்னரே நான்கைந்து பேர் அவ்வூருக்குச் சென்று சில வினாக்களைக் கேட்டு வருக. இங்கே குடிநீர் எங்கிருந்து வருகிறது? எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது? சேமித்த நீருக்கு மூடி உண்டா? பள்ளியில் பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை உண்டா, அதில் நீர் உண்டா? காசநோயுள்ள வீட்டில் அரிசியும் பருப்பும் உண்டா? எத்தொழிலால் இவ்வூரார் இருமுகின்றனர்?

விடைகளைக் கொண்டுவந்து நிதியைப் பகிர்க. ஔஷதத்திற்கு ஒரு பங்கு இருக்கட்டும். அதனைக் குறைக்க வேண்டா. வலியால் துடிப்பவன்முன் தத்துவம் பேசுதல் கருணையன்று. அவனுக்கு அன்றே மருந்து வேண்டும். ஆனால் ஏனைய மூன்று பங்குகளும் ஆகாரத்திற்கும் உபகரணத்திற்கும் ஆவாசத்திற்கும் சென்று சேரட்டும். ஔஷத தானம் பெற்றவர் கைகூப்பி நன்றி கூறுவார். அவர் முகத்தை நாம் காண்போம். ஏனைய மூன்று தானங்களால் நோயே வாராதிருந்தவர் நம்மை அறியார். நாமும் அவரை அறியோம். வந்த நோயை எண்ணிவிடலாம். வாராத நோயை எவர் எண்ணுவார்? பெறுபவன் அறியாது, புகழ் வந்து சேராது செய்யும் அத்தானத்தில் பற்று ஒட்டுவதற்கு இடமில்லை. பற்றற்றான் நெறியில் நிற்கும் நமக்கு அதுவே பொருந்திய தானம்.

எல்லா உயிரும் பிணியின்றி வாழ்க! ஜின அறம் தழைக்க!